டர்ன்ஓவர் கணக்கை நம்பி என்.எஃப்.எல். பந்தயம் கட்டலாமா?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் டர்ன்ஓவர் (பந்து எதிரணிக்குப் பறிபோவது) கணக்கைப் பற்றி நியூ ஜெர்சியில் வசிக்கும் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "ஏழு வாரம் முடிந்த நிலையில் ஓர் அணி டர்ன்ஓவர் கணக்கில் பிளஸ் 9இல் நிற்கிறது. அதன் சொந்த மைதானத்துக்கு ஆட வரும் அணி மைனஸ் 7இல் இருக்கிறது. முதல் அணி ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து எதிரணிகளைவிட 49 புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறது. இரண்டாவது அணி 28 புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஆனாலும் முதல் அணிக்கு 6.5 புள்ளிதான் ஸ்ப்ரெட் (பந்தயம் வெல்ல அணி தாண்ட வேண்டிய புள்ளி வித்தியாசம்) வைத்திருக்கிறார்கள். பந்தைப் பறிக்கத் தெரிந்த அணி, பந்தைத் தொலைத்துக்கொண்டே இருக்கும் அணியோடு மோதும்போது இது மலிவான விலை இல்லையா? டர்ன்ஓவர் போக்கை வைத்துப் பந்தயத்தை எப்படி மதிப்பிடுவது?"

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிந்துபோன ஓர் ஆட்டத்தை விளக்குவதற்கு டர்ன்ஓவரைப் போல வலுவான எண் வேறு அதிகம் இல்லை. வரப்போகும் ஆட்டத்தைக் கணிப்பதற்கு அதைப் போல ஏமாற்றக்கூடிய எண்ணும் அதிகம் இல்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது பிடிபட்டால், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடும்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சில வரிகள். தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் எறிந்த பந்தை எதிரணி வீரர் தரையில் விழுமுன் பிடித்துக்கொண்டால் அது இன்டர்செப்ஷன். பந்தை வைத்திருப்பவரின் கையிலிருந்து அது நழுவினால் ஃபம்பிள். நழுவிய பந்தை எதிரணி கைப்பற்றினால்தான் அது இழந்த ஃபம்பிள். இன்டர்செப்ஷனும் இழந்த ஃபம்பிளும் சேர்ந்ததே அதிகாரபூர்வ டர்ன்ஓவர் கணக்கு. ஓர் அணி பறித்தவற்றிலிருந்து இழந்தவற்றைக் கழித்தால் வருவது டர்ன்ஓவர் வித்தியாசம். ஸ்ப்ரெட் 6.5 என்றால், வலுவான அணி 7 புள்ளியோ அதற்கு மேலோ வென்றால்தான் அதன் மேல் கட்டிய பணம் வெற்றி பெறும். வழக்கமாக 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் கட்ட வேண்டும். ஆகவே நூற்றுக்கு ஏறக்குறைய 52.4 பந்தயங்களை வென்றால்தான் கைமுதல் தப்பும்.

ஓர் ஆட்டத்தில் டர்ன்ஓவர் கணக்கில் மேலே இருந்த அணி, நான்கில் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றிருக்கிறது என்பது பல பருவங்களில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை. ஒரு டர்ன்ஓவரின் மதிப்பு சராசரியாகச் சுமார் 4 புள்ளி என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மதிப்பீடு. தொலைக்காட்சி வருணனையாளர்கள் இதை ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்வதற்கு அதுவே காரணம், அதில் தவறும் இல்லை. ஆனால் காரணமும் விளைவும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நான்காம் கால்பகுதியில் 14 புள்ளி பின்தங்கிய அணி ஓடி ஆடுவதைக் கைவிட்டு எறிந்துகொண்டே இருக்கும். நெருக்கடியில் எறியப்படும் அந்தப் பந்துகளில் ஒன்றிரண்டு எதிரணியின் கைக்குப் போகும். மறுநாள் புள்ளிப்பட்டியலைப் பார்ப்பவருக்கு "இன்டர்செப்ஷன் கொடுத்ததால் தோற்றார்கள்" என்று தோன்றும். தோற்றுக்கொண்டிருந்ததால்தான் இன்டர்செப்ஷன் வந்தது என்பது கண்ணில் படாது. நான்கில் மூன்று என்ற அந்த விகிதத்தில் இந்தத் தலைகீழ் விளைவுக்கும் ஒரு பங்கு உண்டு.

அடுத்தது தற்செயலின் அளவு. அண்மைப் பருவங்களில் ஓர் அணி 17 ஆட்டங்களில் ஏறக்குறைய 22 டர்ன்ஓவர் இழக்கிறது, அதே அளவு பறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா அணிகளும் இந்த விஷயத்தில் ஒரே திறமை உடையவை, எல்லாம் சீட்டுக்குலுக்கல் போலத்தான் நடக்கிறது என்று கற்பனை செய்து புள்ளியியல் கணக்குப் போட்டால், வித்தியாசத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் வழக்கமாக அலையும் அளவு) 44இன் வர்க்கமூலம், அதாவது 6.6. இதன் பொருள் என்னவென்றால், எந்தத் தனித்திறமையும் இல்லாத சராசரி அணியே மூன்று பருவங்களுக்கு ஒரு முறை பிளஸ் 7க்கு மேலோ மைனஸ் 7க்குக் கீழோ போய் நிற்கும். பிளஸ் 13, மைனஸ் 13 போன்ற எண்கள்கூட 32 அணிகளில் ஒன்றிரண்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் வெறும் தற்செயலாலேயே வரும். உண்மையில் அணிகளின் திறமை வேறுபடுகிறது, அதனால் பரவல் இதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கிறது. ஆனாலும் நாம் பட்டியலில் காணும் எண்ணில் பெரும்பகுதி காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்பதை இந்தக் கணக்குக் காட்டிவிடுகிறது. ஏழே வாரங்களில் அந்தப் பங்கு இன்னும் பெரிது.

எண்ணாகச் சொன்னால் மனதில் பதியாது என்பதால் ஓர் ஆட்டத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 2011 பருவத்தின் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 38 டர்ன்ஓவர் பறித்தது, 16 ஆட்டங்களில் 10 மட்டுமே இழந்தது. வித்தியாசம் பிளஸ் 28. அணி 13 வென்று 3 தோற்றது. 2012 ஜனவரி 22 அன்று, மழையில் நனைந்த கேண்டில்ஸ்டிக் மைதானத்தில், நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக, லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதி ஆட்டம். பன்ட் உதையை (எதிரணி பந்தை விட்டுக்கொடுத்துத் தொலைவுக்கு உதைப்பதை) பிடித்து ஓட வேண்டிய வழக்கமான வீரர் டெட் ஜின் காயத்தால் ஆடவில்லை. அவர் இடத்தில் கைல் வில்லியம்ஸ் நின்றார். நான்காம் கால்பகுதியில் ஜயண்ட்ஸ் உதைத்த பந்து தரையில் எகிறி உருண்டு வந்தது. வில்லியம்ஸ் அதைத் தொடாமல் விலகத்தான் பார்த்தார். பந்து அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு போனது; அப்படி உரசிவிட்டால் உதைத்த அணியும் பந்தை எடுத்துக்கொள்ளலாம். களத்தில் பலருக்கு அது தெரியவே இல்லை. ஜயண்ட்ஸின் டெவின் தாமஸ் பந்தை எடுத்துக்கொண்டார், காணொளியைப் பார்த்து நடுவர்கள் உறுதிசெய்தார்கள், சில நகர்வுகளுக்குள் ஜயண்ட்ஸ் பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் அடித்து முன்னிலை பெற்றது. ஃபார்ட்டிநைனர்ஸ் மீண்டும் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் இன்னொரு பன்ட்டைப் பிடித்து ஓடிய அதே வில்லியம்ஸின் கையிலிருந்து பந்து தட்டிவிடப்பட்டது. அதை எடுத்தவரும் அதே டெவின் தாமஸ். 31 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோல், 20-17, ஃபார்ட்டிநைனர்ஸின் பருவம் முடிந்தது.

அதே ஆட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜயண்ட்ஸின் ஈலை மேனிங் 58 முறை எறிந்தார், ஒன்றுகூடப் பறிபோகவில்லை. ஆனால் ஒரு பந்து ஃபார்ட்டிநைனர்ஸ் தற்காப்பு வீரர் டாரல் பிரவுனின் கைக்கு வந்துகொண்டிருந்தபோது, அதே பந்துக்காகப் பாய்ந்த சக வீரர் டாஷன் கோல்ட்சன் அவர் மீது மோதி, இருவருக்கும் இல்லாமல் போனது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அகமது பிராட்ஷாவின் கையிலிருந்து பந்து பிடுங்கப்பட்டது. முன்னேற்றம் ஏற்கெனவே நின்றுவிட்டது என்று நடுவர் விசில் ஊதியதால் அது ஃபம்பிளாகக் கணக்கில் ஏறவில்லை. ஆக, பருவம் முழுவதும் பிளஸ் 28இல் இருந்த அணி, அதிமுக்கியமான நாளில் மைனஸ் 2இல் தோற்றது. ஒரு முழங்கால், ஒரு மோதல், ஒரு விசில். இவற்றில் எதை முந்தைய பதினாறு ஆட்டங்களின் எண்ணிலிருந்து கணித்திருக்க முடியும்? ஆனால் அந்த அணி வெறும் அதிர்ஷ்டக்கார அணி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: அடுத்த பருவத்தில் வித்தியாசம் பிளஸ் 9ஆகக் குறைந்தும்கூட அது லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனது. தற்காப்பு உண்மையிலேயே வலுவாக இருந்தது. டர்ன்ஓவர் எண் அந்த வலிமைக்கு மேல் ஊதிப் பெருத்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லா அணிகளும் அவ்வளவு மென்மையாகத் தரையிறங்குவதில்லை. 2015இல் கரோலினா பாந்தர்ஸ் 39 பறித்து, பிளஸ் 20 வித்தியாசத்தோடு 15 வென்று ஒன்றே ஒன்று தோற்றது. சூப்பர் பவுல் 50இல் டென்வர் பிராங்கோஸைவிட வலுவான அணி என்றே பந்தயச் சந்தை அதைக் கருதியது. அந்த ஆட்டத்தில் பாந்தர்ஸ் நான்கு முறை பந்தை இழந்தது, டென்வர் இரண்டு முறை. வான் மில்லர் இரு தடவை கேம் நியூட்டனின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டதிலிருந்து மட்டும் டென்வரின் 24 புள்ளிகளில் 15 வந்தன. அடுத்த பருவத்தில் பாந்தர்ஸ் 6 வென்று 10 தோற்றது. சிகாகோ பேர்ஸ் 2018இல் லீக்கிலேயே அதிகமாக 36 பறித்தது, அதில் 27 இன்டர்செப்ஷன், 12 வெற்றி 4 தோல்வி (12-4). தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போன பிறகு, 2019இல் பறித்தவை 19 மட்டுமே, 8-8.

எதிர்த்திசையில் நடந்ததற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2012 பருவம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இரண்டும் அந்த ஆண்டு மைனஸ் 24இல் முடிந்தன. சீஃப்ஸ் 2-14, ஈகிள்ஸ் 4-12. ஈகிள்ஸ் தன் பயிற்சியாளர் ஆண்டி ரீடை நீக்கியது. அவர் போய்ச் சேர்ந்த இடம் சீஃப்ஸ். 2013இல் சீஃப்ஸ் பிளஸ் 18, 11-5. ஈகிள்ஸ் பிளஸ் 12, 10-6. நீக்கிய அணியும் ஏறியது, நீக்கப்பட்டவர் போன அணியும் ஏறியது. மைனஸ் 24 என்ற எண்ணைப் பார்த்து அந்த இரண்டு அணிகளுக்கும் எதிராக 2013 செப்டம்பரில் பணம் கட்டியவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இங்கேதான் அவசரப்படக் கூடாது. "எல்லாம் சராசரிக்குத் திரும்பும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் பாதி உண்மைதான். சீஃப்ஸ் ஏறியதற்குத் தற்செயல் மட்டும் காரணம் இல்லை. 2012இல் அதன் குவார்ட்டர்பேக்குகள் 20 இன்டர்செப்ஷன் கொடுத்தார்கள்; 2013இல் அங்கே வந்தவர் அலெக்ஸ் ஸ்மித், 2011 ஃபார்ட்டிநைனர்ஸ் அணியில் 445 முறை எறிந்து 5 மட்டுமே கொடுத்தவர். சீஃப்ஸிலும் 7 மட்டுமே கொடுத்தார். ஊர் மாறியும் பயிற்சியாளர் மாறியும் அவரோடு கூடவே வந்த குணம் அது. நீங்கள் மனதில் வைக்க வேண்டிய முக்கியப் பாகுபாடு இதுதான்: பந்தை இழப்பதில் திறமையின் பங்கு ஓரளவு உண்டு, அதில் பெரும்பகுதி குவார்ட்டர்பேக்கிடம் இருக்கிறது; பந்தைப் பறிப்பதில் திறமையின் பங்கு அதைவிடக் குறைவு; நழுவிய பந்து யார் கைக்குப் போகிறது என்பதில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

குவார்ட்டர்பேக்கின் எண்ணையும் போதுமான எறிதல்கள் சேர்ந்த பிறகே நம்ப வேண்டும். நிக் ஃபோல்ஸ் 2013இல் ஈகிள்ஸுக்காக 317 முறை எறிந்து 27 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன் என்று முடித்தார். அடுத்த ஆண்டு 311 எறிதல்களில் 10 கொடுத்தார். எறிந்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்; இழப்பு ஐந்து மடங்கு. முந்நூறு எறிதல்கள் என்பது அன்றைய சராசரியில் எட்டோ ஒன்பதோ இன்டர்செப்ஷன் வரக்கூடிய அளவு. அத்தனை சிறிய எண் இப்படித்தான் அலைபாயும். ஆயிரக்கணக்கான எறிதல்களில் ஒரே குணத்தைக் காட்டிய ஏரன் ராட்ஜர்ஸ் வேறு வகை. 2018இல் அவர் 597 முறை எறிந்து 2 மட்டுமே கொடுத்தார், அதில் தொடர்ந்து 402 எறிதல்கள் இழப்பே இல்லாமல் போயின. அந்த ஆண்டு அவருடைய அணியான கிரீன் பே பேக்கர்ஸ் 6 வெற்றி, 9 தோல்வி, 1 சமன் என்று முடித்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இழக்காமல் இருப்பது மட்டும் வெற்றியைத் தந்துவிடாது.

தற்காப்பின் பக்கம் வந்தால், பறிப்பைவிடப் பறிப்புக்கு வழி செய்வது எது என்று பார்ப்பதே பயன் தரும். குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை நெருக்குகிறார்கள், அவசரமாக எறிய வைக்கிறார்கள் என்பது வாரத்துக்கு வாரம் இன்டர்செப்ஷனைவிட நிதானமாக நிலைக்கும் எண். எதிரணியின் தாக்குதல் வரிசையில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டாக்கிள் காயம்பட்டு, அனுபவமில்லாத மாற்று ஆட்டக்காரர் இறங்குகிறார் என்ற வியாழக்கிழமைச் செய்தி, கடந்த ஏழு வாரங்களின் டர்ன்ஓவர் பட்டியலைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. டல்லஸ் கவ்பாய்ஸ் 2021இல் 34, 2022இல் 33 என்று இரண்டு ஆண்டுகளும் பறிப்பில் லீக்கில் முதலிடம் பிடித்தது. மைக்கா பார்சன்ஸைப் போன்றவர் நெருக்கும்போது அது நீடிக்க முடியும். ஆனால் அங்கேயும் டிரெவன் டிக்ஸ் என்ற தனி வீரரின் எண் 11இலிருந்து 3ஆக இறங்கியது.

ஃபம்பிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தயக்காரருக்கு இதில்தான் சுத்தமான தகவல் கிடைக்கிறது. இரு முனையும் கூர்மையான அந்தப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று நழுவவிட்டவருக்கும் தெரியாது, நழுவவைத்தவருக்கும் தெரியாது. நீண்ட காலக் கணக்கில் அது பாதிக்குப் பாதி என்றே நிற்கிறது. ஆகவே ஓர் அணி சம்பந்தப்பட்ட ஆட்டங்களில் இரு தரப்பிலும் சேர்த்து 20 ஃபம்பிள் விழுந்து, அதில் 15ஐ அந்த அணியே எடுத்திருந்தால், நியாயமான பங்கு 10. மீதி 5 பந்துகள் சும்மா கிடைத்தவை. டர்ன்ஓவர் வித்தியாசத்திலிருந்து அந்த ஐந்தைத் தயங்காமல் கழித்துவிடலாம். நான் வைத்திருக்கும் கணக்குத் தாளில் ஒவ்வோர் அணிக்கும் இந்தப் பத்தி தனியாக உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் நிரப்புவது அதைத்தான்.

கணக்கில் ஏறாத டர்ன்ஓவரையும் தேடிப் பார்க்க வேண்டும். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் (டவுன்) கடைசியான நான்காவது டவுனில் பன்ட் உதைக்காமல் துணிந்து ஆடித் தோற்றால் பந்து எதிரணிக்குப் போகும், ஆனால் அது அதிகாரபூர்வ வித்தியாசத்தில் வராது. முன்பைவிட இப்போது பயிற்சியாளர்கள் நான்காவது டவுனில் அதிகம் துணிகிறார்கள் என்பதால் இந்த இடைவெளியும் வளர்ந்திருக்கிறது. 2024 ஜனவரி 28 அன்று டெட்ராய்ட் லயன்ஸ் பாதி ஆட்டத்தில் ஃபார்ட்டிநைனர்ஸை 24-7 என்று முந்தியிருந்து, 34-31 என்று தோற்றது. அதிகாரபூர்வக் கணக்கில் இரு அணிகளும் ஆளுக்கு ஒரு டர்ன்ஓவர், வித்தியாசம் சுழியம். இரண்டாம் பாதியில் லயன்ஸ் நான்காவது டவுனில் இரண்டு முறை பந்தைக் கொடுத்ததோ எந்த டர்ன்ஓவர் பட்டியலிலும் இல்லை. அதேபோல மூன்றாவது டவுனில் எறிந்து 45 யார்டு தள்ளிப் பறிபோன பந்து ஒரு பன்ட்டுக்கு ஈடானது, பெரிய சேதம் இல்லை. தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பறிபோனது 7 புள்ளி. இரண்டுக்கும் பட்டியலில் ஒரே ஒன்றுதான்.

சரி, இதையெல்லாம் பந்தயச் சந்தை அறியாதா? நன்றாக அறியும். ஸ்ப்ரெட் வைப்பவர்களும் பெரும்பணம் கட்டும் கூர்மையான பந்தயக்காரர்களும் சராசரிக்குத் திரும்புதலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே "பிளஸ் அணிக்கு எதிராகக் கட்டு, மைனஸ் அணியின் பக்கம் கட்டு" என்று ஒரே வாக்கியத்தில் பந்தயத்தை முடித்துவிட முடியாது. எனக்குத் தெரிந்து கொஞ்சமாவது இடம் மிஞ்சுவது ஒரே ஓர் ஆட்டத்துக்கு மக்கள் காட்டும் அதீத எதிர்வினையில்தான். அடுத்த வார ஆட்டங்களுக்கான முன்னோட்ட ஸ்ப்ரெட்டைச் சில பந்தயக் கடைகள் இந்த வார ஆட்டங்கள் நடக்கும் முன்பே வெளியிடும். அது 3 என்று இருந்து, ஞாயிற்றுக்கிழமை அந்த அணி நான்கு டர்ன்ஓவர் கொடுத்துப் படுதோல்வி அடைந்த பிறகு 1 என்று மறுபடி திறந்தால், இடையில் மாறியது என்ன என்று கேளுங்கள். குவார்ட்டர்பேக் காயம்பட்டாரா, தாக்குதல் வரிசை சிதறியதா? அப்படியானால் நகர்வு நியாயம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஒவ்வொரு முயற்சிக்கும் எடுத்த யார்டுகளில் எதிரணிக்குச் சமமாகவே ஆடினார்கள், இரண்டு ஃபம்பிள் தவறான பக்கம் துள்ளின என்றால், அந்த இரண்டு புள்ளி உங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது. என்.எஃப்.எல். ஆட்டங்கள் மற்ற எந்த வித்தியாசத்தையும்விட 3 புள்ளியில் அதிகம் முடிகின்றன, அடுத்து 7இல். நகர்வு இந்த எண்களைத் தாண்டினால்தான் அதற்கு உண்மையான மதிப்பு.

"முந்தைய வாரம் பிளஸ் 3 எடுத்த அணிகள் ஸ்ப்ரெட்டுக்கு எதிராக நூற்றுக்கு 58" என்ற வகையில் விற்கப்படும் போக்குகளை நான் மதிப்பதில்லை. நாணயம் சுண்டினாலே நூறு பந்தயங்களில் ஐந்து இப்படியும் அப்படியும் போவது இயல்பு. 58 என்பது அந்த இயல்பான அலைவுக்கு ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கிறது, அவ்வளவே. இருபது விதமாக வெட்டிப் பார்த்தால் ஒன்று அப்படித் தெரியத்தான் செய்யும். பழைய ஆண்டுகளைச் சேர்த்து மாதிரியைப் பெருக்கினால் வேறு சிக்கல்: 1970களில் நூறு எறிதலுக்கு ஐந்தை ஒட்டி இருந்த இன்டர்செப்ஷன் இப்போது இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டது, அது வேறு விளையாட்டு. திறமையாகக் கணித்து நூற்றுக்கு 54 வெல்பவர்கூட, தலா 110 டாலர் கட்டினால், நூறு பந்தயத்தில் 5,400 வென்று 5,060 இழப்பார். மிஞ்சுவது 340. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், இழந்தாலும் வீட்டுச் செலவைத் தொடாத பணத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 மே 14 தீர்ப்புக்குப் பிறகு நியூ ஜெர்சியில் இது சட்டப்படியானது. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025இல் சட்டமே வந்துவிட்டது, ஆகவே ஊரில் இருப்பவர்கள் இதை விளையாட்டைப் புரிந்துகொள்ளும் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஆட்டம். முதல் அணியின் பிளஸ் 9ஐ 4ஆல் பெருக்கினால் 36 புள்ளி. 49இலிருந்து அதைக் கழித்தால் 13. டர்ன்ஓவரில் உண்மைத் திறமை நான்கில் ஒரு பங்கு என்று வைத்து 9 புள்ளியைத் திருப்பிச் சேர்த்தால் 22. ஏழு ஆட்டத்துக்கு வகுத்தால் ஆட்டத்துக்கு 3.1 புள்ளி நல்ல அணி. வெளியூர் அணியின் மைனஸ் 7க்கு 28 புள்ளி. அதன் மொத்தப் பின்னடைவும் 28தான், ஆகவே டர்ன்ஓவரை நீக்கினால் அது சராசரி அணி. நான்கில் ஒரு பங்கைத் திருப்பிச் சேர்த்தால் ஆட்டத்துக்கு 1 புள்ளி குறைவு. இரண்டுக்கும் இடையே 4.1. சொந்த மைதானத்துக்கு முன்பெல்லாம் 3 புள்ளி கொடுப்பார்கள்; இப்போது 1.5 போதும். மொத்தம் 5.6. ஏழு ஆட்டங்களின் மீதிப் புள்ளி வித்தியாசத்தையும் முழுதாக நம்ப முடியாது என்பதால் அதையும் சற்றுச் சுருக்கினால் 5ஐ ஒட்டி வரும். உங்களுக்கு மலிவாகத் தெரிந்த 6.5, உண்மையில் கொஞ்சம் விலை கூடியது.

ஆகவே முதல் அணியின் பக்கம் போக வேண்டாம். வெளியூர் அணியின் பக்கமும் 6.5இல் நான் கட்ட மாட்டேன். என் மதிப்பீட்டில் இரண்டு புள்ளித் தவறு எளிதாக இருக்கலாம், 5க்கும் 6.5க்கும் நடுவில் முக்கியமான எண் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு காயப் பட்டியல் வந்ததும் அந்த அணியின் குவார்ட்டர்பேக்கும் இரண்டு டாக்கிள்களும் ஆடுவது உறுதியாகிறதா என்று பாருங்கள், அதன் மைனஸ் 7இல் எத்தனை இழந்த ஃபம்பிள் என்று எண்ணுங்கள். பெரும்பகுதி ஃபம்பிளாக இருந்து, உங்களைப் போலவே மற்றவர்களும் பிளஸ் 9ஐப் பார்த்துப் பணம் கொட்டி ஞாயிறு காலைக்குள் ஸ்ப்ரெட் 7.5 ஆனால், அப்போது வெளியூர் அணியை எடுக்கலாம். 7.5 வரவில்லை என்றால் அந்த ஆட்டத்தைப் பணம் இல்லாமல் பாருங்கள்.